நாற்பத்தொன்றாம் துண்டு

பேரேட்டுக்கு அட்டை இல்லை.
இரண்டாயிரத்து எட்டில், ஐப்பசி மழைக்குள்
காணிக் கிளைக் காவலாளி துரைசிங்கம்
தறப்பாளில் சுற்றி, சைக்கிள் கரியரில் கட்டி
தருமபுரம் மட்டும் உருட்டிப் போனாராம்.
அரிசி மூடையை விட்டிட்டு இதை ஏன் கட்டினனீ என்று
மனுசி கடைசிவரை கேட்டாளாம்.

இப்போது அது என் மேசையில்,
கிளிநொச்சியில், மின்விசிறிக்குக் கீழே.
ஓரமெல்லாம் கறையான்.
சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து
தவிட்டு நிறத்துக்கு வந்துவிட்டது.

நோர்வேயிலிருந்து ஆரபி என்றொருத்தி கேட்டிருக்கிறாள்:
பூட்டன் புங்குடுதீவு ஆள்,
இரணைமடுத் தண்ணீரை நம்பி
முதற் குடியேற்றத்தில் வந்தவராம்.
வம்சக் கொடி வரைகிறாளாம்.
சரவணமுத்து இளையதம்பி
என்ற பெயருக்குக் கீழே கேள்விக்குறியாம்.

தேடினேன்.
முதலாம் துண்டு, வேலணை வினாசித்தம்பி.
யானை குடிலைப் பிரித்தது; நட்டஈடு மறுக்கப்பட்டது.
எட்டு, காரைநகர் அம்பலவி.
கொயினா வாங்கியதற்குப் பெருவிரல் அடையாளம்.
எருமைகளுக்கு நிறம் எழுதியிருக்கிறான்,
கொம்பு முறிந்ததும் எழுதியிருக்கிறான்.
பெண்சாதிகளுக்குப் பெயர் இல்லை.
‘ஒன்று’ என்று மட்டும்.
காடு வெட்டிய கூலிகள் இன்னும் சுருக்கம்:
ஆள் பதினாறு, நாள் ஒன்பது.

பிறகு நாற்பத்தொன்று.

ச. இளையதம்பி. இரண்டு ஏக்கர் வெளியாக்கப்பட்டது.
முப்பத்தேழில் கிணறு முடிந்தது.
முப்பத்தெட்டு ஆவணி, காய்ச்சலில் இறந்தார்.
மனைவி ஒன்று, பிள்ளை இரண்டு, தீவுக்குத் திரும்பின.
காணியில் ஆளில்லை. பெமிற் இரத்து.
அதன் மேலே, வேறு பேனாவில், வேறு பெயர்:
க. நன்னித்தம்பி.

நன்னித்தம்பி என் அப்பாவின் பாட்டன்.

எங்கள் கிணற்றுக் கட்டில்
‘ச. இ. 37’ என்று சீமெந்தில் கீறியிருக்கும்.
மேசன்ரை பேர், சண்முகம் இராசையா,
என்பார் அப்பா. அவருக்கும் யாரோ சொன்னது.
அந்த மேசனுக்கு நாங்கள் வயிறு வைத்தோம்,
வெறி வைத்தோம், பூநகரியில் ஒரு வைப்பாட்டியும் வைத்தோம்.
சித்தப்பா குடித்தால் அவனைப்போல நடந்து காட்டுவார்.

முகாமால் வந்த பிறகு
காணிக்குள் ஆமி இருந்தது.
கம்பி வேலிக்கு வெளியே நின்று அப்பா கை நீட்டினார்:
“அந்தா தெரியுதே ஐயா, கிணறு,
எங்கட பாட்டன் தன்ரை கையால வெட்டினது.”
மொழிபெயர்த்தவன் பாட்டனை என்னவென்று சொன்னானோ,
அதிகாரி எட்டிப் பார்த்தான், தலையாட்டினான்.
ஏழு மாதத்தில் காணி கிடைத்தது.
அந்தக் கிணறுதான் எங்களுக்குச் சாட்சி சொன்னது.

பொய் என்று அப்பாவுக்குத் தெரியாது.
நன்னித்தம்பிக்குத் தெரிந்திருக்கும்.
வந்த அன்றைக்கு, தாகத்தோடு குனிந்தபோது,
எழுத்து அவர் முகத்துக்கு நேரே இருந்திருக்கும்.

குறிப்பு நிரலில் இன்னும் ஒரு வரி இருந்தது.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன்:
‘ஒன்பதடியில் பழைய செங்கல் வளையம்.
யாருடையதெனத் தெரியவில்லை.
அதன் மேலேயே கட்ட அனுமதித்தேன்.’

ஆரபிக்கு
இறந்த மாதத்தை எழுதினேன்.
துண்டு இலக்கத்தை எழுதினேன்.
‘கிணறு இன்னும் ஊறுகிறது’ என்று எழுதி
அழித்து, திரும்ப எழுதினேன்.
எனக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்பாள்.
கேட்கட்டும்.

வீட்டுக்குப் போகப் பொழுதுபட்டுவிட்டது.
கப்பிக்குப் புதுக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார் அப்பா.
“பிடி பிள்ளை இந்த நுனியை,” என்றார்.
பிடித்தேன்.
என் முழங்கை அந்த இரண்டு எழுத்தின்மேல் இருந்தது.